சிதம்பரம் போகாத கிந்தன்

நந்தன் கதை தெரியாத தமிழன் உண்டா? சேற்றிலே உழைத்தவன், தில்லையைக் காணத் துடித்தவன், தீயிலே குளித்து வந்தால்தான் கோயிலுக்குள் இடம் என்று சொல்லப்பட்டவன்! கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கதாகாலட்சேபமாக்கினார். பிறகு பேசும் படம் வந்தது. 1935-ல் கே. பி. சுந்தராம்பாள், அந்நாளிலேயே ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று, ஆண் வேடம் பூண்டு நந்தனாக நின்றார். 1942-ல் தண்டபாணி தேசிகர் நின்றார்.

தரை டிக்கெட்டிலே அமர்ந்து கண்ணீர் விட்டவன் யார்? உழைப்பாளி! மதுரை மீனாட்சி கோயிலிலே தாழ்த்தப்பட்டவனும் நாடாரும் நுழைய 1939 ஜூலை 8 வரை வழி இல்லை. கோயில் மறுத்த கடவுளைக் கொட்டகையிலே காசு கொடுத்துப் பார்த்தான் அவன். அந்தக் கண்ணீரைக் கேலி செய்வது எளிது, தோழனே! மேடை ஏறி நாலு வார்த்தை வீசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்தக் கண்ணீரைத் துடைக்காமலே, அது பாயும் திசையை மட்டும் மாற்றிவிட்டார் ஒருவர். அவர்தான் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

1908 நவம்பர் 29-ல், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிலே பிறந்தார். தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். பெயரைப் பாருங்கள்! சுடலைமாடனும் இசக்கியும் அவர் வீட்டிலேயே இருந்தார்கள். கொடை விழாவிலே வில்லடித்துச் சாமி கதை சொல்லும் சீமை அது. ஏழை வீடு. படிப்பு பாதியிலே நின்றது. டென்னிஸ் மைதானத்திலே பந்து பொறுக்கினார்; நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றார்; டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவிலே நடிகரானார். 1936-ல் ‘சதி லீலாவதி’ படத்திலே நடித்தார். எம். ஜி. ஆருக்கு அதுவே முதல் படம். அதே காலத்தில் டி. ஏ. மதுரம் அவரோடு இணைந்தார், திரையிலும் வாழ்விலும்.

சிரிக்க வைத்தவர் என்று மட்டும் சொன்னால் போதாது. புராணத்தைக் கையிலெடுத்துத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவார் அவர். பொய்யே பேசாத அரிச்சந்திரனுக்கு எதிரே, மெய்யே பேசாத ‘சந்திரஹரி’யாக 1941-ல் நடித்தார், பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது. சாமி கதை சொன்ன வில்லிலே காந்தியார் வரலாற்றைப் பாடினார். வில் பழையது, கதை புதியது! வில்லை முறித்துப் போடவில்லை, கவனியுங்கள்.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்தது. பாகவதர் பக்தி பாட, இவர் நகைச்சுவை செய்ய, சென்னை பிராட்வே கொட்டகையிலே மூன்று தீபாவளி கண்டது அந்தப் படம். ஆனால் அடுத்த இரண்டு தீபாவளிக்கும் அந்த இருவரும் எங்கே? சிறையிலே! லட்சுமிகாந்தன் கொலை வழக்கு 1944 டிசம்பரில் அவர்களைக் கொண்டுபோயிற்று. ஆயுள் தண்டனை வந்தது. திரையிலே தெய்வ அருள் பொழிந்தது. சிறைக் கதவு திறக்கவில்லை. திறந்தது எது? வழக்கு மன்றம்! லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடினார்கள். மதுரம் அம்மையார் நாடகம் போட்டும் படம் எடுத்தும் பணம் திரட்டினார். 1947 ஏப்ரலில் விடுதலை.

வெளியே வந்தவர் தந்ததுதான் ‘கிந்தனார்’. 1949-ல் அண்ணா கதை எழுதிய ‘நல்லதம்பி’யிலே அது இடம்பெற்றது, பாட்டு உடுமலை நாராயணகவி. காலட்சேபம் அதே காலட்சேபம்; பாகவதர் கோலம் அதே கோலம்; பின்பாட்டும் உண்டு. நந்தன் இருந்த இடத்திலே கிந்தன். நந்தனைப் போலவே சேரிப் பிள்ளை. ஆனால் சிதம்பரம் போக அவன் ஏங்கவில்லை, பள்ளிக்கூடம் போக ஏங்கினான்! அடித்து விரட்டினார் ஆசிரியர். ரயிலேறிப் பட்டணம் போனான், படித்தான், கல்வி அதிகாரியாகத் திரும்பி வந்தான். அடித்த ஆசிரியரே அவனை வரவேற்று நிற்கிறார். தீக்குளிக்கவும் இல்லை, சோதியிலே மறையவும் இல்லை. ஆளாகத் திரும்பி வந்தான்!

உசிலம்பட்டித் தோழனுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. கைரேகை வைக்க மறுத்ததற்காக, 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரிலே 16 உயிர்களைத் துப்பாக்கிக்குத் தந்த மண் இது. பிறவியையே குற்றமாக்கிய அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ஒழிந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளியிலே சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போன முதல் தலைமுறைப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு கிந்தன் அல்லவா!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1975-ல் ‘ஜெய் சந்தோஷி மா’ இந்திப் படத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பூ தூவினார்கள் என்று நாம் சிரித்தோம். பிற்பாடு கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றியது யார்? நம் தெருப் பிள்ளைகள்தானே! கிந்தனைக் கேட்டு வளர்ந்த ஊர்களிலே திரையே கோயிலாயிற்று, நடிகரே மூலவரானார். கலைவாணர் திருப்பிய கண்ணீர், வேறொரு கருவறைக்குப் போய்ச் சேர்ந்தது. கழகத் தோழனுக்கு இது உறுத்த வேண்டும்.

கலைவாணரோ தனக்குச் சூடம் காட்டச் சொன்னவர் அல்ல. வந்த பணத்தை வந்தவர்க்கெல்லாம் கொடுத்தார். காந்தியாருக்கு நாகர்கோவிலிலே தம் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவுக்கு நண்பர். 1957-ல் காஞ்சியிலே அண்ணாவுக்கு வாக்குக் கேட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 30-ல், 48 வயதிலே, கையிருப்பு ஏதுமின்றிக் கண் மூடினார்.

சென்னை தியாகராயநகரிலே அவருக்குச் சிலை வைத்தார்கள். 1969 ஜனவரி 14, பொங்கல் நாள். அமெரிக்காவிலே அறுவை சிகிச்சை முடித்து வந்திருந்த முதலமைச்சர் அண்ணா, நலிந்த உடலோடு வந்து அதைத் திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். இருபது நாள் கழித்து, பிப்ரவரி 3-ல், அவரும் போய்விட்டார்.