நோயாளிகளுக்காக ஒரு ஓவியம்

சானடோரியம் ஸ்டேஷனை தினமும் ட்ரெயின்ல கடந்து போறீங்க. அந்தப் பேருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கினார். அதற்குச் சரியா 400 வருஷம் முன்னாடி, 1528-ல், ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் ஒரு தண்ணீர் இன்ஜினியர் இறந்தார். அவர் வரைந்த மிகப் பெரிய ஓவியமும் ஒரு மருத்துவமனைக்காகத்தான்.

அவரை உலகம் மத்தியாஸ் க்ரூனவால்ட் என்று அழைக்கிறது. ஆனா அது அவர் பேரே இல்லை! 1675-ல் ஒரு நூலாசிரியர் தவறா எழுதிவிட்டார், அதுவே நிலைச்சுப்போச்சு. உண்மையான பேர் மாத்திஸ் கோத்தார்ட்.

1512-ல் மைக்கேலாஞ்சலோ ரோமில் சிஸ்டைன் கூரையை முடித்தார். அதில் ஒவ்வொரு உடம்பும் வலிமையா, அழகா இருக்கும். ஏறக்குறைய அதே சமயம் க்ரூனவால்ட், ஐசன்ஹைம் ஊரில் வனத்து அந்தோணியார் சபைத் துறவிகள் நடத்திய மருத்துவமனையின் பீடத்துக்கு வரைய ஆரம்பித்தார். 1516 வாக்கில் முடித்தார்.

அங்கே வந்தவங்க சாப்பிட்ட தானியத்தில் பூஞ்சை இருந்தது. அதன் நஞ்சு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கை கால் எரியும், கறுத்து அழுகும். கடைசியில் வெட்டி எடுப்பாங்க. காரணம் அப்போ யாருக்கும் தெரியாது.

இப்போ அந்தச் சிலுவை ஓவியத்தை கூகுள்ல தேடிப் பாருங்க. இயேசுவின் விரல்கள் முறுக்கிக்கிட்டு நிற்கும். தோல் பச்சையா வெளிறி, உடம்பு முழுக்கப் புண்ணும் முள்ளும். முன்னாடி நின்ற நோயாளிக்கு அது தன் உடம்பு மாதிரியே தெரிந்திருக்கும். சிலுவைப் பலகைகள் கதவு மாதிரி திறக்கும். உள்ளே உயிர்த்தெழுந்த இயேசு. அந்தப் புண் படர்ந்த தோல் அங்கே இல்லை.

மைன்ஸ் பேராயரிடம் அரசவை ஓவியரா இருந்தவர் அவர். 1524-ல் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தது. அதற்கப்புறம் அந்த வேலையை விட்டு ஃப்ராங்க்ஃபர்ட் போனார், பிறகு ஹாலே. இறந்தபோது விட்டுச்சென்ற சாமான்களில் வண்ணங்களும் லூதரின் எழுத்துகளும் இருந்தன.

ஓவியம் இப்போ பிரான்ஸின் கோல்மார் நகர மியூசியத்தில் இருக்கு.

ப்ராஜெக்ட் ரிவ்யூல, இது யாருக்காகன்னு கேட்பாங்க இல்ல? நம்மில் பல பேர் திணறுவோம். க்ரூனவால்ட்டின் பலகையில் அந்தப் பதில் ஒவ்வொரு விரலிலும் தெரியுது.