பண்டித நடேச சாஸ்திரியார்

திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சூழ்ந்த சமவெளி ஊர்களில் பிறந்து வளர்ந்த எமக்கு, ஜவுளி வணிகர் பதின்மரின் கதை இளமையிலேயே அறிமுகமாயிற்று. பொருளீட்டி ஊர் திரும்பும் பதின்மரைக் காட்டுவழியில் திருடர் மூவர் மறித்து, உடுத்த துணி முதலாகப் பறித்துக்கொண்டு, அவ்வளவில் அமையாது கூத்தாடும்படியும் ஏவுகின்றனர். வணிகருள் ஒருவன் பாட்டெடுக்கிறான். ஒரு திருடனுக்கு மூவராகச் சூழ்ந்தால் கட்டுவதற்கு ஒருவன் மிஞ்சுவான் என்னும் கணக்கை, வணிகர்க்கே உரிய குழூஉக்குறி எண்களில் அமைத்துத் தாளத்தோடு இசைக்கிறான். திருடர்க்கு அது வெறும் பாட்டு; தோழர்க்கோ அதுவே கட்டளை. முடிவை யாம் சொல்ல வேண்டுவதின்று. எமக்கு இதனைச் சொன்ன பாட்டியார், வணிகரைச் சின்னாளபட்டியார் என்றும் காட்டைச் சிறுமலைச் சாரல் என்றும் ஐயமறச் சொல்லுவார்.

பின்னாளில் ஜோசப் ஜேக்கப்ஸ் என்பார் 1892இல் லண்டனில் வெளியிட்ட இந்தியக் கதைத் தொகுதியொன்றைப் புரட்டியபோது, அக்கதையையே ஆங்கிலத்திற் கண்டு திகைத்தோம். சின்னாளபட்டியும் சிறுமலையும் அங்கில்லை. வணிகரின் மறைமொழி எண்களுக்கு ஈடாக, ஆங்கிலச் சொற்களைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் பேசும் லண்டன் தெருவழக்கை அவர் அமைத்திருந்தார். அங்கும் கடைத்தெருவில் மறைமொழி உண்டென்பதை அன்றே அறிந்தோம். இக்கதை சீமைச் சிறுவர் கைக்குச் சென்ற வழி யாதெனத் தேடப் புகுந்தபோதே நடேச சாஸ்திரியாரின் சரிதம் எமக்குக் கிடைத்தது.

சாஸ்திரியார் 1859இல் திருச்சிராப்பள்ளிச் சீமையிற் பிறந்தவர். இளமையிலேயே பெற்ற தாயை இழந்தார். சிற்றன்னை என்றாலே கொடுமை என்பது நம் கதைகளின் வழக்கம். ஐரோப்பியர் கதைகளிலும் அஃதே. சாஸ்திரியார் வாழ்விலோ அது பொய்த்தது. அவரை வளர்த்த சிற்றன்னையார் அன்புடையவர். கதை சொல்லுவதில் வல்லவர். பின்னர் உலகம் படித்த கதைகளுட் பல அவ்வம்மையார் மடியிற் கேட்டவையே.

கல்வி முற்றியபின் தொல்பொருள் ஆராய்ச்சியில் ராபர்ட் சீவெல் துரையின்கீழ் உதவியாளராக அமர்ந்தார். கல்வெட்டுக்களைப் படித்துப் பெயர்த்தெழுதுவது அவர் தொழில். ஜேம்ஸ் பர்ஜெஸ் அவர்களோடு சேர்ந்து 1886இல் தமிழ், வடமொழிச் சாசனத் தொகுதியொன்றை வெளியிட்டார். பிற்காலத்தில் பதிவு இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். மன்னர் கல்லிற் பொறித்ததைப் பகலில் படித்த அவர், கல்லிற் பொறிக்க எவரும் எண்ணாத பெண்டிர் வாய்மொழியையும் அதே கருத்தோடு எழுதியதே எம்மை அவர்பால் ஈர்த்தது. பஞ்சாபியர் கதைகளைத் திரட்டிய டெம்பிள் துரை போன்றார் அவர்க்கு ஊக்கம் அளித்தனர். 1884 தொடங்கித் தென்னிந்திய நாட்டுக்கதைகள் அவர் ஆங்கிலத்தில் பகுதி பகுதியாக வெளிவந்தன. மதனகாமராஜன் கதையை 1886இல் ஆங்கிலமாக்கினார். தமிழர்க்கெனத் திராவிட பூர்வகாலக் கதைகள் முதலியவற்றைத் தமிழிலும் எழுதினார். நாவலும் துப்பறியும் கதையும் எழுதினார்.

1890இல் லண்டனில் வெளிவந்த சூரியன் கதைகள் என்னும் நூலிலிருந்தே ஜேக்கப்ஸ் வணிகர் கதையை எடுத்தார். அந்நூலின் முகப்பில் முதற்பெயர் கிங்ஸ்கோட் சீமாட்டியாருடையது. சாஸ்திரியார் பெயர் அடுத்து நிற்பது. அச்சீமாட்டியார் தம் வேலைக்காரர் வாயிலாகக் கதைகளைத் திரட்டியவர். வேலைக்காரரோ கடைவீதிக் கிழவியரிடம் கேட்டு வந்தனர். அவற்றுட் சிலவற்றைச் சாஸ்திரியார் முன்னரே அச்சிட்டிருந்தமையால் இருவர் தொகுதியும் ஒரு நூலாயின. கிழவியர்க்கு முகப்பில் இடமின்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவர் மொழிபெயர்த்த அளகேசன் கதையில், குழந்தையைப் பாம்பினின்றும் காத்த கீரியை, அதன் வாயிற் குருதி கண்ட தாய் பிழைபட எண்ணிக் கொன்றுவிடுகிறாள். பஞ்சதந்திரத்திலும் இக்கதை உண்டு. வேல்ஸ் நாட்டிலோ கீரி நாயாகிறது, பாம்பு ஓநாயாகிறது. அந்நாய்க்குக் கல்லறை என ஓரிடத்தை இன்றும் காட்டுகின்றனர். பிரான்சு தேசத்தில் 13ஆம் நூற்றாண்டுக் குடியானவர், அவ்வாறு கொலையுண்ட நாயொன்றைப் புனிதர் என்றே போற்றித் தம் நோயுற்ற மக்களை அதன் சமாதிக்குக் கொண்டுசென்றனர். ஆராயாது செய்த கொலையின் துயரத்தை ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் வீட்டுத் துயரமாகவே கொண்டனர். எம் பாட்டியார் சிறுமலையைக் கதைக்குள் கொணர்ந்ததும் அவ்வாறே. இத்தகைய ஒப்புமைகளை மேலைப் புலவர் ஆராய்வதற்குத் தமிழ்நாட்டின் பங்கை அளித்தவருள் சாஸ்திரியார் முன்னிற்பவர்.

ஆயினும் அவர்பால் எமக்கு ஒரு குறை உண்டு. ஜெர்மன் தேசத்துக் கிரிம் சகோதரர், தமக்குக் கதை சொன்ன டோரொத்தியா ஃபீமான் என்னும் மூதாட்டியைப் பெயர் சுட்டிப் பாராட்டி, 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் உருவப்படத்தையும் சேர்த்தனர். சாஸ்திரியார் நூல்களின் முகப்பில் அவர் சிற்றன்னையாரின் பெயரில்லை. மேலும், அவர் ஆங்கிலம் படித்தவர் நடை; கொச்சையும் இழுப்பும், கேட்போர் கொட்டும் 'உம்'மும் அதில் இல்லை. கதையின் எலும்பு அகப்பட்டது, குரல் அகப்படவில்லை. ஒலியைப் பதியும் பொறி பரவாத அக்காலத்தில், உத்தியோகத்திடையே ஒருவர் தனித்துச் செய்த வேலை இது என்பதையும் யாம் மறந்திலேம்.

1906இல், கோயில் உற்சவமொன்றில் மிரண்ட குதிரையால் அடிபட்டு அவர் உயிர் நீத்தார். அப்போது வயது 47. இந்திய நாட்டுக்கதைகள் என்னும் அவர் தொகுதி 1908இல், அவர் மறைவிற்குப் பின் சென்னையில் அச்சேறியது.

அவர்மேற் குறை கூறிய யாம் செய்தது யாது? சின்னாளபட்டி வணிகன் பாடிய குழூஉக்குறி எண்களை எம் பாட்டியார் ஒன்று முதல் பத்துவரை தட்டாமற் சொல்லுவார். யாம் அவற்றை எழுதி வைத்திலேம். பாட்டியாரும் மறைந்தார். தொடையில் அவர் தட்டிய தாளம் மட்டுமே எமக்கு நினைவிருக்கின்றது.