நூட் றொக்னி: கல்லூரியை ஊராரின் உடைமையாக்கிய ஆசான்

விளையாட்டு வேறு, கல்வி வேறு எனப் பிரித்துரைப்போர் நம்முட் பலர். அப்பிரிவு பொருந்தாது என்பதற்கு, தமிழ் கற்பிக்கும் நான் காட்டவிரும்பும் சான்று நூட் றொக்னியின் வாழ்க்கையாகும்.

நோர்வே நாட்டு வொஸ் என்னும் ஊரிலே 1888 மார்ச் 4 ஆந் திகதி பிறந்த றொக்னி, ஐந்து வயதில் அமெரிக்காவிற் குடியேறிச் சிக்காகோவில் வளர்ந்தார். தபாற் கந்தோரிலே வேலைபார்த்துப் பணஞ் சேர்த்து, 1910 இல், தம் இருபத்திரண்டாம் வயதிலேயே இந்தியானா மாநிலத்து நோட்டர்டேம் பல்கலைக்கழகம் புகுந்தார். இரசாயனங் கற்று 1914 இற் பட்டம் பெற்று, அங்கேயே அதனைக் கற்பிக்கவுஞ் செய்தார்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்பது நாம் ஆடுவதன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி எதிரணியை ஊடறுத்தோடுவது அது. பந்தை முன்னோக்கி எறிதற்கு 1906 இல் விதி இடந்தந்தும், பலர் அம்முறையைப் பெரிதும் பயன்படுத்தவில்லை. 1913 நவம்பர் 1 ஆந் திகதி, வலிமைமிக்க இராணுவக் கல்லூரி அணியை நோட்டர்டேம் எதிர்த்தபோது, டோராய்ஸ் என்பார் எறிய றொக்னி பிடித்தார். 35க்கு 13 என வென்றனர். உடல்வலியை மதிவலி வெல்லும் என்பதை நாடு கண்டது.

1918 முதல் 1930 வரை அவர் தலைமைப் பயிற்றுநர். அக்காலத்து வெற்றி 105, தோல்வி 12, சமநிலை 5. ஆட்டக்களம் கட்டப்பெற்றுக்கொண்டிருந்த 1929 இல் அணி சொந்த மண்ணில் ஓராட்டமும் ஆடவில்லை. றொக்னியோ கால்நோயாற் சக்கர நாற்காலியிலிருந்து பயிற்றினார். ஆயினும் ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றியே.

எண்ணிக்கையினும் என்னைக் கவர்வது அன்பர் கூட்டமே. அயர்லாந்து, இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து வந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அந்நாளில் அமெரிக்காவிற் பலவாறு இகழப்பட்டனர். நோட்டர்டேமின் வாயிலை ஒருநாளும் மிதித்திராத அவர்கள், அவ்வணியின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டனர். நியூயோர்க்கில் ஆட்டம் நிகழும்போது சுரங்க இரயிலேறித் திரண்ட இவர்களுக்குச் சுரங்க இரயிற் பழைய மாணவர் என்றே பெயர் வழங்கிற்று. அயர்லாந்தரைச் சுட்டும் பட்டப்பெயரை 1927 இற் பல்கலைக்கழகமே மனமுவந்து ஏற்றது. இகழ்ச்சி பெருமையாயிற்று.

1931 மார்ச் 31 ஆந் திகதி, கன்சாஸ் மாநிலத்தில் அவர் சென்ற விமானத்தின் மரச்சிறகு வானிலே முறிந்தது, எண்மர் மாண்டனர். றொக்னிக்கு வயது 43. நாடு முழுதும் எழுந்த துயரக்குரல் மரச்சிறகு விமானங்களின் குறையை ஆராயச்செய்தது. உலோக விமானங்கள் விரைந்து வருதற்கு அவ்விபத்தும் ஒரு காரணமாயிற்று.

ஒரு கல்லூரி யாருக்கு உரியது? சேர்விடாப்பிலே பெயருள்ளார்க்கு மட்டுமன்று. தபாற் கந்தோரிலிருந்து வந்த ஓர் ஏழை மாணவன், படியாத பல்லாயிரவரும் ஒரு கல்லூரியை எங்களுடையது என்று சொல்லுமாறு செய்தான். வகுப்பறைக்குள் மட்டும் நின்று கற்பிப்போர் எண்ணிப்பார்க்கத்தக்கது இது.