பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு ஒளி தந்தவர்

கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து வருவார்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் இரவில் மீன் விற்ற காலத்தைப் பெரியவர்கள் நினைத்தால், உஸ்ஸென்று இரைந்த அந்த விளக்கும் நினைவுக்கு வரும். அதன் நடுவே வெள்ளையாக ஒரு சிறு பை தொங்கும். அதுதான் மேண்டில். தொட்டால் பொடியாகிவிடும். பார்த்தால் கண் கூசும். வெறும் சாம்பலுக்கு இவ்வளவு வெளிச்சமா?

சாம்பல்தான்! ஆனால் சாதாரணச் சாம்பல் அல்ல. அதைக் கண்டுபிடித்தவர் கார்ல் ஔவர் வான் வெல்ஸ்பாக்.

1858-ம் ஆண்டு ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் கார்ல் பிறந்தார். தகப்பனார் அரசாங்க அச்சகத்தின் தலைவர். மகனுக்கு 10 வயதாக இருக்கும்போதே அவர் காலமானார். வாலிபனானதும் கார்ல் ஜெர்மனிக்குச் சென்று, புன்சன் என்ற பேராசிரியரிடம் ரசாயனம் படித்தார். பள்ளிக்கூடப் பரிசோதனைச் சாலையில் இருக்கிறதே புன்சன் பர்னர், அந்தப் புன்சன்தான்.

கற்கண்டு போல...

செரியம், லாந்தனம் போன்றவற்றுக்கு அருமண் உலோகங்கள் என்று பெயர். பெயர்தான் அருமை. பூமியில் அவை அவ்வளவு குறைவில்லை. ஒன்றோடு ஒன்று கலந்து கிடப்பதால், பிரிப்பதுதான் பெரும்பாடு. 'டிடிமியம்' என்பது ஒரே உலோகம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கார்ல் நம்பவில்லை. அதன் உப்பைக் கரைத்தார். பாகிலிருந்து கற்கண்டு விளைவதுபோல் அதைப் படிகமாக்கினார். மறுபடி கரைத்தார், மறுபடி படிகமாக்கினார். சலிக்காமல் இதையே செய்தார். 1885-ல் அது இரண்டாகப் பிரிந்தது! ஒன்றின் உப்பு பச்சை. மற்றதன் உப்பு ரோஜா நிறம். இரண்டாவதுதான் நியோடிமியம். பிற்காலத்தில், 1980-களில், அதை இரும்போடும் போரானோடும் சேர்த்து மிக வலிமையான காந்தம் செய்தார்கள். இன்று செல்போன் ஒலிபெருக்கியிலும் மின்சார மோட்டாரிலும் இருப்பது அதுவே.

கம்பெனி மூடியது

அதே 1885-ல் மேண்டிலுக்கும் உரிமைப் பட்டயம் பெற்றார். பருத்தித் துணியை உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால், துணி போய்விடும். வலைபோல் சாம்பல் நிற்கும். தீயில் அது ஒளிரும். ஆனால் முதல் மேண்டிலின் வெளிச்சம் பச்சையாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் மனித முகம் எப்படி இருக்கும்? ஜனங்கள் வாங்கவில்லை. 1889-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

கார்ல் விடவில்லை. தோரியத்தை எடுத்துக்கொண்டார். அதைச் சுத்தம் செய்யச் செய்ய, வெளிச்சம் கூடவில்லை, குறைந்தது! அப்படியானால் ஒளி தந்தது எது? கழித்துவிட்ட அழுக்கைச் சோதித்தார். அதில் செரியம் இருந்தது. 99 பங்கு தோரியத்துக்கு 1 பங்கு செரியம் சேர்த்தார். வெள்ளை வெளிச்சம் வந்தது. 1891-ல் வியன்னாவில் ஒரு காப்பிக் கடை வாசலில் அந்த விளக்கு எரிந்தது. பிறகு விற்பனைக்குக் கேட்பானேன்!

கயிற்றில் ஒட்டிய மண்

தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அது பிரேசிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவாங்கூரிலிருந்து வந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணைக் கவனித்தார். அதில் மோனசைட் இருந்தது! துறைமுகத்தில் கயிறு இழுப்பவர்கள் உதறிவிட்டுப் போகும் மண்தான். அதைத் தேடிக்கொண்டு அவர் குமரிக் கரையில் உள்ள மணவாளக்குறிச்சிக்கே வந்தார். இன்றும் அங்கே மத்திய அரசின் அருமண் நிறுவனம் மணலைப் பிரித்தெடுக்கிறது.

தோரியம் கதிர்வீச்சு உள்ளது என்று 1898-ல் தெரிந்தது. அதனால் பின்னாளில் பல நாடுகளில் அதை விட்டு, இட்ரியம் என்ற உலோகத்தில் மேண்டில் செய்யத் தொடங்கினார்கள்.

தோரியம் எடுத்தபின் செரியம் நிறைந்த கழிவு மலைபோல் குவிந்தது. கார்ல் அதையும் விடவில்லை. இரும்போடு கலந்து உரசினார். பொறி பறந்தது! 1903-ல் அதற்கும் உரிமை பெற்றார். சிகரெட் லைட்டரில் சக்கரம் உரசும் சின்னக் கல் அதுதான்.

1929-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி கார்ல் காலமானார். அப்போது ஐரோப்பிய நகரங்களில் மின்சார விளக்குகள் வந்துவிட்டன. நம் ஊரில் மின்சாரம் எட்டாத இடங்களில் அவருடைய மேண்டில் இன்னும் பல வருஷம் எரிந்தது.