ஒரே விரல், நாலு கம்பி, மாத்தாத ஸ்ட்ரிங்ஸ்... மோட்டவுனைத் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சன்!

1983, மார்ச் 25. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் இருக்கும் பசடேனா நகரம். மோட்டவுன் இசை நிறுவனத்தின் 25-ம் ஆண்டு விழா அங்கே அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. மைக்கேல் ஜாக்சன் முதன்முறையாக மேடையில் 'மூன்வாக்' ஆடிக் காட்டியது அந்த ராத்திரியில்தான். இன்னிக்கும் யூடியூபில் அந்த வீடியோவைத் தேடித் தேடிப் பார்க்கிறோம், இல்லையா?

அதே அரங்கத்தில், பின்வரிசையில், 47 வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழைப்பிதழ் வரவில்லை. பிளாக்கில் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருந்தார். மோட்டவுனின் பொற்காலப் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர் அவர்தான்! ஆனால், அக்கம்பக்கத்தில் இருந்த யாருக்கும் அவர் யார் என்று தெரியாது.

அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். அந்த விழா முடிந்து நாலே மாதத்தில் இறந்துபோனார்.

எறும்புகளுக்கு ஒரு கச்சேரி

1936, ஜனவரி 29 அன்று சவுத் கரோலினா மாகாணத்தின் எடிஸ்டோ தீவில் பிறந்தார் ஜேமர்சன். பாட்டி பியானோ வாசிப்பார். அத்தை சர்ச்சில் பாடுவார். வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. சின்ன வயதில் ஒரு குச்சியில் ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி, அதை எறும்புப் புற்றில் செருகி, எறும்புகளை ஆடவைப்பதாகச் சொல்லி மீட்டிக்கொண்டிருப்பார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பின்னாளில் உலகத்தையே ஆடவைத்த மனிதரின் முதல் பேஸ் அதுதான்.

1954-ல் அம்மாவோடு டெட்ராய்ட் நகருக்கு வந்தார். கார் தொழிற்சாலைகளின் நகரம் அது. அங்கே நார்த்வெஸ்டர்ன் ஹைஸ்கூலில் படிக்கும்போதுதான் அப்ரைட் பேஸ் அவர் கைக்கு வந்தது. ஆளுயரத்துக்கு நிற்குமே, பெரிய வயலின் மாதிரி... அதுதான். பள்ளியை முடிப்பதற்குள்ளேயே கிளப்களில் ஜாஸும் ப்ளூஸும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

பேருந்தில் ஏறாத வாத்தியம்

கிக் வாசிக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் தலைவலி, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது. அப்ரைட் பேஸ் விஷயத்தில் அது ரெட்டைத் தலைவலி. கார் டிக்கியில் நுழையாது. டூர் பஸ்ஸில் ஒரு ஆள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு பாடுபட்டு மேடைக்குக் கொண்டுபோனாலும், டிரம்ஸும் ஆம்ப்ளிஃபையரில் கத்தும் கிட்டாரும் சேர்ந்தால் அதன் சத்தம் காணாமலே போய்விடும்.

இதற்கு விடையாகத்தான் 1951-ல் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தார். தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஆம்ப்பில் செருகினால் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் கிடைக்கும். கழுத்தில் ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக நிற்கும். அந்தத் துல்லியத்தால்தான் 'பிரிசிஷன்' என்ற பெயரே வந்தது.

ஜேமர்சன் உடனே இதற்கு மாறிவிடவில்லை. ஆரம்பகால மோட்டவுன் ரெக்கார்டிங்குகளில் அப்ரைட் பேஸைத்தான் வாசித்தார். 60-களின் தொடக்கத்தில், சக பேஸிஸ்ட் ஒருவரிடம் இருந்த 1957 மாடல் பிரிசிஷன் பேஸ் அவரிடம் வந்தது. கறுப்பு பெயின்ட் அடித்த அந்த கிட்டாருக்கு 'பிளாக் பியூட்டி' என்று பெயர். அது திருடுபோனது. அதன் பிறகு வாங்கிய 1962 மாடல் பிரிசிஷன்தான் சரித்திரம் படைத்தது. அதன் செல்லப் பெயர், 'ஃபங்க் மெஷின்'!

பாம்புக்குழிக்குள்...

டெட்ராய்ட்டின் வெஸ்ட் கிராண்ட் புலவார்டில், 2648-ம் எண் வீடு. பெர்ரி கோர்டி அந்தச் சாதாரண வீட்டை வாங்கி ஸ்டூடியோ ஆக்கி, வாசலில் 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ' என்று போர்டு மாட்டினார். கூரையிலிருந்து கேபிள்கள் பாம்பு பாம்பாகத் தொங்கியதால், ரெக்கார்டிங் அறைக்கு வாத்தியக் கலைஞர்கள் வைத்த பெயர் 'பாம்புக்குழி'. 1959-ல் ஜேமர்சன் அந்தக் குழிக்குள் இறங்கினார். அங்கே வாசித்த குழு பின்னாளில் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று அழைக்கப்பட்டது.

அவர்களிடம் பெரும்பாலும் கார்ட்ஸ் குறித்த தாள் மட்டும்தான் இருக்கும். அதை வைத்து ஜேமர்சன் தன் லைனைத் தானே கட்டுவார். அதுவரை பாப் பாடல்களில் பேஸ் என்றால் பின்னால் 'தும் தும்' என்று நடைபோடும் வாத்தியம், அவ்ளோதான். ஜேமர்சன் கையில் அது பாடகருக்குப் பதில் சொல்லும் இன்னொரு குரலானது. பாடகர் மூச்சுவிடும் இடத்தில் பேஸ் பேசும். அவர் திரும்பப் பாட வந்ததும் கீழே இறங்கித் தாங்கும்.

டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்', சுப்ரீம்ஸ் பாடிய 'யூ கான்ட் ஹரி லவ்', ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்', ஸ்டீவி வொண்டரின் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்'... பட்டியல் நீண்டுகொண்டே போகும். அமெரிக்க பாப் சார்ட்டில் முதலிடம் பிடித்த ஏறக்குறைய 30 பாடல்களில் அவருடைய பேஸ் இருக்கிறது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி, தன்னைப் பாதித்த பேஸிஸ்ட்டுகளில் ஒருவராக ஜேமர்சனைச் சொல்லியிருக்கிறார்.

அந்த சவுண்டுக்கு என்ன ரகசியம்?

இவ்வளவு பெரிய பேஸிஸ்ட்டிடம் என்னென்ன பெடல், எத்தனை கிட்டார் இருந்திருக்கும்? கியர் பிரியர்கள் கொஞ்சம் ஏமாறத் தயாராக இருங்க.

கிட்டார்: கடையில் கிடைக்கும் அதே பிரிசிஷன் பேஸ். வால்யூம், டோன் இரண்டையும் முழுசாகத் திருகி வைத்துவிடுவார்.

ஸ்ட்ரிங்ஸ்: லாபெல்லா நிறுவனத்தின் தடிமனான ஃப்ளாட்வுண்ட். இந்த வகைக் கம்பியின் மேல் சுற்று தட்டையாக இருப்பதால் விரல் உரசும் சத்தம் வராது, சுரம் உருண்டையாக வரும். அறுந்தால் ஒழிய ஜேமர்சன் கம்பியை மாற்றவே மாட்டார். வருஷக்கணக்கில் வியர்வையும் அழுக்கும் ஏறிய கம்பியில் பளீர் ஒலி செத்துப்போகும். மிச்சம் இருப்பது, நெஞ்சில் குத்துவது மாதிரியான ஒரு 'தம்'. அவருக்கு வேண்டியது அதுதான்.

ஆக்‌ஷன்: கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. அவர் கிட்டாரில் அது ரொம்பவே அதிகம். தடிமனான கம்பி, உயரமான ஆக்‌ஷன்... மற்றவர்களுக்கு அந்த கிட்டாரை வாசிப்பதே பெரும்பாடு. அப்ரைட் பேஸில் காய்த்துப்போன கைக்கு அது சகஜம்.

ஸ்பாஞ்ச்: பாலத்தை மூடியிருக்கும் உலோக மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம். கம்பியின் அதிர்வை அது சீக்கிரமே அடக்கிவிடும். அதனால்தான் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ஒரு சுரம் இன்னொன்றின் மேல் வழியவில்லை.

விரல்: வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும்! ரெண்டு விரலை மாற்றி மாற்றி வாசிப்பதுதான் பேஸிஸ்ட்டுகளின் வழக்கம். அத்தனை வேக லைன்களையும் இவர் ஒரே விரலில் இழுத்தார். சக கலைஞர்கள் அந்த விரலுக்கே 'தி ஹூக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் சொன்னால், கொக்கி.

ஸ்டூடியோவில் ஆம்ப்கூட கிடையாது. பேஸ் நேராக மிக்ஸிங் கன்சோலுக்குப் போகும். ராத்திரி கிளப் கிக்குகளுக்கு ஆம்பெக் பி-15 ஆம்ப். 15 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று. வாசித்து முடித்ததும் மேலே இருக்கும் ஆம்ப் தலையைக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். பெரிய அரங்கம் என்றால், இரண்டு 15 இன்ச் ஸ்பீக்கர் வைத்த கஸ்டம் ஆம்ப். எதுவானாலும் பேஸ் முழுசு, டிரெபிள் பாதி. செட்டிங் முடிந்தது!

தரையில் கிடந்து வாசித்த மாஸ்டர்

பகலில் ஸ்டூடியோ, ராத்திரி கிளப் என்பதுதான் அவருடைய வாழ்க்கை. மோட்டவுன் வாரச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. வெளியே வாசிக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் ஃபங்க் பிரதர்ஸ் ரகசியமாக வெளி ரெக்கார்டிங்குகளுக்குப் போனார்கள். ஜாக்கி வில்சனின் 1967 ஹிட்டான 'ஹயர் அண்ட் ஹயர்' பாட்டின் பேஸ், அப்படி சிகாகோ போய் ஜேமர்சன் வாசித்ததுதான்.

இந்த ஓட்டத்துக்கு நடுவே குடியும் வளர்ந்தது. மார்வின் கயே 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டை ரெக்கார்ட் செய்தபோது ஜேமர்சனை ஒரு கிளப்பில் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள் என்றும், உட்கார முடியாத போதையில் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்றும் சொல்வார்கள். அந்த பேஸ் லைன் இன்றும் இசைக் கல்லூரிகளில் பாடம். கேட்க கெத்தாக இருக்கலாம். ஆனால் அந்தக் குடிதான் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் உயிரைக் குடித்தது.

1971-ல் வெளிவந்த அந்த ஆல்பத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. மோட்டவுன் ரெக்கார்டு உறைகளில் அதுவரை பாடகர் பெயர் இருக்கும், பாட்டு எழுதியவர் பெயர் இருக்கும். வாத்தியம் வாசித்தவர்கள் பெயர் இருக்காது. இந்த ஆல்பத்தின் உறையில்தான் ஜேமர்சன் பெயர் பாராட்டோடு அச்சானது. ஸ்டூடியோவுக்குள் நுழைந்து அப்போது 12 வருஷம் ஓடியிருந்தது!

காலம் மாறியது... கம்பி மாறவில்லை

1972. மோட்டவுன் டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. ரெக்கார்டிங்குக்கு வந்த கலைஞர்களுக்குக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்புதான் விஷயத்தைச் சொன்னதாம். பலருக்கும் அன்றோடு வேலை முடிந்தது. ஜேமர்சன் நிறுவனத்தின் பின்னாலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 1973-ல் மோட்டவுனுடன் அவருடைய உறவும் முடிவுக்கு வந்தது.

அங்கேயும் சில ஹிட்கள் கிடைத்தன. 'பூகி ஃபீவர்' பாட்டில் பேஸ் அவர்தான். ஆனால், ஊரின் காது மாறிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் 'ஸ்லாப்' ஸ்டைலும், புதுக் கம்பியின் பளீர் சத்தமும் டிரெண்ட் ஆயின. ஜேமர்சன் தன் ஃப்ளாட்வுண்டையும் ஸ்பாஞ்சையும் ஒற்றை விரலையும் விட மறுத்தார். எந்தப் பிடிவாதம் டெட்ராய்ட்டில் அவரை மாஸ்டர் ஆக்கியதோ, அதே பிடிவாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் அவருக்குப் பழைய ஆள் என்று முத்திரை குத்தியது. குடியால் உடம்பும் நிதானமும் போக, கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். 70-களின் முடிவில் பெரிய கிக் எதுவும் அவருக்கு வரவில்லை.

சாவதற்குச் சில நாள் முன்பு 'ஃபங்க் மெஷின்' திருடுபோனது. அவர் உயிரோடு இருந்தவரை அது திரும்பக் கிடைக்கவில்லை. 1983, ஆகஸ்ட் 2 அன்று ஜேமர்சன் இறந்தார். கல்லீரல் கெட்டு, இதயமும் நுரையீரலும் கைவிட்டிருந்தன.

பிறகு வந்த பெயர்

1989-ல் அவர் வாழ்க்கையையும் பேஸ் லைன்களையும் தொகுத்து ஒரு புத்தகம் வந்தது. 2000-ல் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' அவரைச் சேர்த்துக்கொண்டது. 2002-ல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம் தியேட்டர்களுக்கு வந்தது. அந்த 2648-ம் எண் வீடு இப்போது மியூசியம். எல்லாமே அவர் போன பிறகுதான்.

அந்தக் கம்பியையும் ஸ்பாஞ்சையும் இன்று யாரும் வாங்கிவிடலாம். அதை மாட்டினால் ஜேமர்சன் சவுண்டின் பக்கத்தில்கூடப் போகலாம். பாடகர் எங்கே மூச்சுவிடுகிறார் என்று கேட்கிற அந்தக் காதை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நீங்க கிக் வாசிக்கிறவர் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. வாசித்த பாட்டில் உங்க பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்க, கூச்சப்படாம. ஜேமர்சனுக்கு அதற்கு 12 வருஷம் ஆனது.

இப்போ 'மை கேர்ள்' பாட்டைப் போடுங்க. போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸின் தடிமனான கம்பி எழுப்பும் அடி சுரம் வெறும் 41 ஹெர்ட்ஸ். குட்டி ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஹெட்போனை மாட்டிக்கோங்க. கிட்டார் வருவதற்கு முன்னால், பாடகர் வாயைத் திறப்பதற்கும் முன்னால், தனியாக ஒரு பேஸ் ஒலிக்கும்.

அந்த விரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று இனி உங்களுக்குத் தெரியும்!