அணுவுக்கு எடை கண்ட நெசவாளி மகன்

அணு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் ஆசீவகர் வாதமாக அதனைக் கேட்டிருக்கின்றோம். கிரேக்க நாட்டு டெமாக்ரிட்டஸும் பொருள்களெல்லாம் பிளக்கவொண்ணாத நுண்துகள்களால் ஆனவை என்றார். ஆயினும் இவை சிந்தையால் எட்டியவை. தராசில் ஏற்றிப் பார்த்தவர் எவருமிலர். ஈராயிரம் ஆண்டுகட்கு மேல் வாதமாகவே கிடந்த அணுவுக்கு எடை கண்டவர் ஓர் எளிய நெசவாளியின் மகனாவார்.

ஜான் டால்டன் 1766இல் இங்கிலாந்தின் வடபகுதியாகிய கம்பர்லாந்தில், ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கைத்தறி நெய்தவர். அக்குடும்பத்தார் குவேக்கர் என்னும் சமயக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அதனால் நேர்ந்த இடரை இங்குச் சொல்லியாக வேண்டும். அரசாங்கத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையொப்பமிடாதார் அக்காலத்தில் ஆக்ஸ்போர்டில் சேரவும் இயலாது. கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவும் இயலாது. அறிவு எவ்வளவு இருப்பினும் பிறந்த கூட்டம் கதவை அடைத்துவிடும். அது எத்தகைய துயரென்று நம் வாசகர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

பன்னிரண்டாம் வயதில் டால்டன் ஊர்ப்பள்ளியில் பாடஞ் சொல்லத் தொடங்கினார். பின்னர்க் கெண்டல் நகரில் ஜான் காஃப் என்னும் அறிஞர் அவருக்குக் கணிதமும் மொழிகளும் கற்பித்தார். காஃப் குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயால் பார்வையிழந்தவர்! வானிலையை நாள்தோறும் குறித்துவைக்கும் பழக்கத்தையும் அவரே ஊட்டினார். 1787இல் தொடங்கிய அக்குறிப்பை டால்டன் 57 ஆண்டுகள், சாகும் வரை, விட்டாரில்லை.

1793இல் மாஞ்செஸ்டர் சென்றார். பஞ்சாலையில் உழைத்தோர்க்கு அப்பெயரை அறிமுகம் செய்ய வேண்டா. அங்குத் திருச்சபையைச் சாராதார் நடத்திய கல்லூரியில் ஆசிரியராயிருந்து, பிறகு தனியே பாடஞ் சொல்லிப் பிழைத்தார். வாயுக்கள் தண்ணீரில் வெவ்வேறு அளவிற் கரைவது துகள்களின் எடை வேறுபாட்டாலோ என்று அவருக்கு ஐயம் எழுந்தது. ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 எனக் கொண்டு, ஏனைய அணுக்கள் அதைப்போல் எத்தனை மடங்கு எனக் கணக்கிட்டு, 1803 செப்டம்பரில் தம் குறிப்பேட்டில் அட்டவணை எழுதினார். 1808இல் அது விரிந்து நூலாயிற்று.

ஒரு தனிமத்தின் அணுக்கள் யாவும் ஒரே எடையுடையன. வேறு தனிமத்தின் அணுவுக்கு வேறு எடை. இரசாயன மாற்றத்தில் அணு பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை. கூடுதலும் பிரிதலுமே நிகழ்வன. கூடும்போதும் முழு அணுவாகவே கூடும். இவையே அவர் கொள்கைகள். குளத்துச் சேற்றைக் கிளறி, குமிழியாய் எழும் வாயுவைக் குப்பியிற் பிடித்து ஆராய்ந்தார். அதனை எத்திலீன் வாயுவோடு ஒப்பிட்டால், ஒரே அளவு கரிக்கு ஹைட்ரஜன் சரியாக இருமடங்கு. ஒன்றரையுமன்று, ஒன்றேமுக்காலுமன்று. எண்ணி எடுக்கத்தக்க துகள்களாலன்றி இத்தகைய கணக்கு அமையுமோ?

அவர் பிழைகளும் பல. நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றும் பிராணவாயு அணு ஒன்றும் உள்ளன என எண்ணி, பிராணவாயுவின் எடையை 7 என்றார். உண்மையில் ஹைட்ரஜன் இரண்டு, பிராணவாயுவின் எடை ஏறக்குறைய 16. வாயுக்களின் கன அளவு பற்றிக் கே-லுசாக் கண்ட உண்மையைப் பிடிவாதமாக மறுத்தார், அது குறையேயாம். அணு பிளவுபடாது என்பதும் நிலைக்கவில்லை. மாஞ்செஸ்டரிற் பிறந்த ஜே. ஜே. தாம்சன் 1897இல் அணுவினும் சிறிய எலெக்ட்ரானைக் கண்டார். 1911இல் அதே மாஞ்செஸ்டரில் ரதர்ஃபோர்டு அணுவின் நடுவே கரு உண்டெனக் காட்டினார். ஒரு தனிமத்தின் அணுக்களுக்குள்ளேயே எடை வேறுபாடு உண்டென்பதும் பின்னர்த் தெரிந்தது. டால்டன் எண்ணிட்டுச் சொன்னதனாலன்றோ பிறர் அதனைத் திருத்த முடிந்தது!

கதவடைத்த ஆக்ஸ்போர்டு 1832இல் டாக்டர் பட்டமளித்துச் செந்நிற அங்கியும் போர்த்தியது. குவேக்கர் செந்நிறம் உடுத்தார். டால்டனுக்கோ நிறம் பிரித்தறியும் பார்வையிற் குறையுண்டு. 1794இலேயே அக்குறையை ஆராய்ந்து கட்டுரை படித்தவர். அச்சிவப்பு அவர் கண்ணுக்குச் சேற்று நிறம். 1834இல் அவ்வங்கியோடே மன்னர் முன் சென்றார்.

1844 ஜூலை 27இல் காலமானார். முன்னாள் இரவும் நடுங்கும் கையால் வானிலை எழுதியிருந்தார். ஏறத்தாழ 40,000 பேர் அவருடலைக் காண வந்தனர். தம் கண்ணின் உள்நீர் நீலமாயிருப்பதே குறைக்குக் காரணமென்று கருதிய அவர், இறந்தபின் சோதிக்குமாறு சொல்லியிருந்தார். மருத்துவர் சோதித்தார், நீர் தெளிவாகவே இருந்தது. அக்கண்களின் எஞ்சிய பகுதியை 1995இல் விஞ்ஞானிகள் மரபணு வழியே ஆராய்ந்து, பச்சை ஒளியை உணரும் நிறமி அவருக்கு அமையவில்லை என்று கண்டறிந்தனர்.