முறை வகுத்த தந்தியாளர்

வடநாட்டிற்கு வந்து நான் ஆராயும் பொருள், கம்பியில்லாச் செய்தியை வாங்கி மேலே அனுப்பும் இடைநிலையங்கள். ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் கேட்பதும் பேசுவதும் அவற்றுக்கு எளிதன்று. ஆகவே காலத்தைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் முறை வகுக்கிறோம். சென்ற மாதம் என் சோதனையில் ஒரு நிலையத்தின் கடிகாரம் சற்றே பிந்தியது. அண்டை நிலையங்களின் செய்தியெல்லாம் குழம்பிற்று. மனம் சோர்ந்து நூலகத்தில் அமர்ந்திருந்தபோதுதான் எமில் போதோவின் வாழ்க்கையைப் படித்தேன்.

போதோ 1845-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஓர் உழவர் குடியில் பிறந்தவர். ஊர்த் தொடக்கப் பள்ளியோடு அவர் படிப்பு முடிந்தது. தந்தையின் நிலத்தில் உழைத்தவர், 1869-இல் தந்தி இலாகாவில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பணியில் சேர்ந்த சிறிது காலத்திலேயே உடல்நலம் குன்றியது. அத்துன்பம் இறுதிவரை அவரை விடவில்லை.

அங்கே அவர் கண்டதென்ன? ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே கம்பி வெறுமனே கிடந்தது. அந்த வீண்பொழுதை மற்றவர்க்குப் பகிர்ந்தால் என்ன? வாய்க்கால் நீரை நம் ஊர்களில் முறைவைத்துப் பாய்ச்சுவதில்லையா? அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் உழைத்து, 1874-இல் உரிமம் பெற்றார். இரு முனைகளிலும் ஒத்துச் சுழலும் பொறிகள் கம்பியை ஒவ்வொரு தந்தியாளருக்கும் மாறி மாறித் தந்தன. ஒவ்வொருவர் முன்னும் ஐந்து கட்டைகள்: இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. தம் முறை வந்ததை ஒரு சிறு 'டக்' ஒலி அறிவிக்கும். அந்தத் தாளம் தவறாமல் நிமிடத்திற்கு ஏறக்குறைய 30 சொற்களை ஒருவர் அனுப்பலாம்.

1877-இல் பாரிசுக்கும் போர்தோவுக்கும் இடையே இப்பொறி சோதிக்கப்பட்டது. மறு ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1903-இல் தம் 57-ஆம் வயதில் அவர் மறைந்தார். குறிகளின் விரைவை அளக்கும் 'பாட்' என்னும் அலகு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

என்னை எழுப்பி உட்கார வைத்தது இவற்றுள் எதுவுமன்று. இரு பொறிகளும் தாமாகவே என்றும் ஒத்துச் சுழலும் என்று அந்த ஏற்பாடு நம்பவில்லை. ஒரு முனைப் பொறியை வேண்டுமென்றே சற்று விரைவாக ஓடவிட்டு, மறுமுனையிலிருந்து வரும் திருத்தக் குறியால் அதைத் திரும்பத் திரும்பச் சிறிதளவு பின்னிழுத்து ஒழுங்குபடுத்தினார்கள். பிழை வரும் என்று ஒப்புக்கொண்டு, அதைத் திருத்தவும் ஒரு வேளையை ஒதுக்கினார்கள்!

நானோ என் கடிகாரம் பிழைக்காது என்று இறுமாந்திருந்தேன். வானொலி அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் செல்லும். அதற்குள் நேரும் சிறு பிழையும் அயலான் முறையைக் கெடுத்துவிடும். மறுநாள் என் அட்டவணையில் திருத்தத்திற்கென ஒரு கூறை ஒதுக்கினேன். குழப்பம் பெரிதும் அடங்கியது.

வீட்டை விட்டுத் தொலைவில், தேர்வுக்கும் ஆய்வுக்கும் நடுவே தடுமாறும் நண்பர்களே, தொடக்கப் பள்ளியோடு நின்ற அந்த உழவர் மகனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஓயாது திருத்திக்கொள்பவனே தாளம் தவறாதவன்.